தறிக்குடோன் பெட்டிக்கு ஒரு லினக்ஸ் இமேஜ்: பில்ட்ரூட்டில் முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்டத்தை எண்ணும் பெட்டி, திருப்பூரில் நிட்டிங் மெஷின் சுற்றை எண்ணும் பெட்டி, கோவையில் மோட்டார் டெஸ்ட் பெஞ்சுக்கான பெட்டி: எதைத் திறந்தாலும் உள்ளே பாதிக்குப் பாதி ஒரு ராஸ்பெர்ரி பை (கையளவு கணினிப் போர்டு) இருக்கிறது. செய்கிற முறையும் ஏறக்குறைய ஒன்றுதான். ராஸ்பெர்ரி பை ஓஎஸ்ஸை மெமரி கார்டில் ஏற்றுவது, வேண்டியதை ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்வது, ஓடினதும் கார்டை அப்படியே நகல் எடுப்பது. ஒரு பெட்டிக்கு இது சரி. பத்தாவது பெட்டிக்குள் எந்தக் கார்டில் என்ன மாற்றினோம் என்பது யாருக்கும் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கார்டு செத்தால் மறுபடி முதலிலிருந்து.

பில்ட்ரூட் என்ற கருவி இந்த வேலையைத் தலைகீழாகச் செய்கிறது. உங்களுக்கு என்ன வேண்டும் என்ற பட்டியலைக் கொடுத்தால், கம்பைலர், கர்னல், நூலகங்கள், ரூட் ஃபைல் சிஸ்டம் எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்து கட்டி, கார்டில் அப்படியே எழுதக்கூடிய ஒரே இமேஜாகத் தரும். பட்டியல்தான் சொத்து. கார்டு வெறும் அச்சுப்பிரதி. கீழே வருகிற படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைக் காப்பாற்றத்தான்.

யோக்டோ என்ற கருவியும் இதே வேலையைச் செய்யும். பத்துப் போர்டு, நான்கைந்து பேர் கொண்ட குழு என்றால் அதைப் பாருங்கள். ஒன்றிரண்டு பேர், ஒன்றிரண்டு போர்டு என்றால் பில்ட்ரூட் போதும். ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள்: இப்படிக் கட்டிய இமேஜில் ஏபிடி (ஓடுகிற கணினியிலேயே பேக்கேஜ் சேர்க்கும் கட்டளை) கிடையாது. குடோனுக்குப் போய் உட்கார்ந்து 'இன்னொரு பேக்கேஜ் போட்டுக்கலாம்' என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒத்துவராது.

கட்டளைகளையும் மெனு பெயர்களையும் இங்கே ஒலிப்பின்படி தமிழிலேயே எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். எழுத்துக்கூட்டலில் ஐயம் வந்தால் "மேக் ஹெல்ப்" பட்டியல் காட்டும். மெனுவுக்குள் சாய்கோட்டு விசையை அழுத்தினால் தேடல் வரும்.

1. பொருள், செலவு, நேரம்

மென்பொருளுக்குச் செலவில்லை. இமேஜைக் கட்டும் கணினிக்கு நான்கு கோர், 8 ஜிபி ரேம், எஸ்எஸ்டியில் குறைந்தது 20 ஜிபி காலியிடம் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் படம் காட்டும் க்யூடி மாதிரி பெரிய பேக்கேஜ் சேர்ப்பதாக இருந்தால் 40 ஜிபி.

போர்டுக்கு ராஸ்பெர்ரி பை 4 என்று வைத்துக்கொள்வோம். எண்ணுகிற வேலைக்கு 1 ஜிபி அல்லது 2 ஜிபி ரேம் தாராளம். 8 ஜிபி வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். இதோடு யுஎஸ்பி-டிடிஎல் சீரியல் கேபிள் ஒன்று, டிஎஸ்3231 கடிகார மாட்யூல் ஒன்று, தறிப்பக்கம் மோட்பஸ் (மெஷின்கள் தரவு பரிமாறும் ஒரு முறை) பேசினால் யுஎஸ்பி-ஆர்எஸ்485 மாற்றி ஒன்று. காந்திபுரம் பக்கத்து எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மூன்றும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். சீரியல் கேபிளை மட்டும் 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று தள்ளாதீர்கள். முதல் தடவை பூட் ஆகாமல் நிற்கும்போது, ஏன் நிற்கிறது என்று சொல்லும் ஒரே ஆள் அதுதான். வாங்கும்போது 3.3 வோல்ட் சிக்னல்தானா என்று கேட்டு வாங்குங்கள்; 5 வோல்ட் சிக்னல் கொடுத்தால் போர்டின் பின் (இணைப்பு முனை) கருகும்.

கார்டுகளில் போலி நிறைய. 32 என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி இருப்பதும் உண்டு. எஃப்3 என்ற சிறு நிரல் கார்டு முழுக்க எழுதிப் படித்துப் பார்த்து உண்மைக் கொள்ளளவைச் சொல்லிவிடும். மொத்தமாக இருபது கார்டு வாங்கினால் இருபதையும் சோதியுங்கள்.

நேரம்: மேலே சொன்ன கணினியில் முதல் முழு பில்ட் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் பிடிக்கும். க்யூடி சேர்ந்தால் இன்னும் சில மணி நேரம். அதன்பிறகு சின்ன மாற்றங்களுக்கு ஒன்றிரண்டு நிமிடம்தான். டெஸ்க்டாப்பில் யூபிஎஸ் இல்லையென்றால், உங்கள் துணைமின் நிலையத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாளில் முதல் பில்டைத் தொடங்காதீர்கள்.

2. முதலில் தாளில் எழுதுங்கள்

மெனுவைத் திறந்தால் ஆயிரக்கணக்கான தேர்வுகள். அங்கே போய் யோசித்தால் தொலைந்தீர்கள். அரைப்பக்கத்தில் இவற்றை எழுதுங்கள்: போர்டின் சரியான மாடல், பெட்டியின் பெயர், நெட்வொர்க் கேபிளா வைஃபையா, ஐபி நிலையானதா, உங்கள் நிரல் எந்த மொழி, அதற்கு எந்தெந்த நூலகம், திரை உண்டா, எந்தத் தரவு கரண்ட் போனாலும் மிஞ்ச வேண்டும்.

எட்டுத் தறியை ஆர்எஸ்485 வழியாகப் படித்து, ஷிப்ட் வாரியாக எண்ணி, ஆபீஸ் கணினிக்கு அனுப்பும் பெட்டிக்கு எழுதினால் இப்படி வரும்: பைத்தான் 3, பைசீரியல் (சீரியல் போர்ட்டைப் படிக்க), பாஹோ எம்க்யூடிடி (ஆபீஸுக்குத் தரவு அனுப்ப), ட்ராப்பேர் (எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து பெட்டிக்குள் நுழைய), டைம்சோன் தகவல். அவ்வளவுதான். இந்தப் பட்டியல் ஒரு பக்கத்தைத் தாண்டினால் பில்ட்ரூட்டைக் குறை சொல்லாதீர்கள், பட்டியலைக் குறையுங்கள்.

3. கணினியைத் தயார் செய்தல்

டெபியன் 12 அல்லது உபுண்டு 22.04, 24.04 இவற்றில் ஒன்று. பில்ட்-எசென்ஷியல், பிசி, சிபிஐஓ, அன்ஸிப், ஆர்சிங்க், வெகெட், ஃபைல், பெர்ல், கிட், மெனுவுக்காக என்கர்சஸ் டெவ் ஆகியவற்றை ஏபிடியில் போட்டுக்கொள்ளுங்கள். ரூட் பயனராக எதையும் கட்டாதீர்கள். சாதாரணப் பயனரே போதும். ரூட்டில் ஓட்டினால் ஒரு தவறான ஸ்கிரிப்ட் உங்கள் கணினியின் சொந்த ஃபைல்களையே அழிக்கும்.

விண்டோஸில் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) வைத்திருப்பவர்களுக்கு மூன்று பொறிகள் காத்திருக்கின்றன.

முதலாவது, பாத்தில் இடைவெளி. 'புரோகிராம் ஃபைல்ஸ்' போன்ற விண்டோஸ் பாதைகள் லினக்ஸின் பாத் மாறிக்குள் ஒட்டிக்கொண்டு வரும். பில்ட்ரூட் இடைவெளியைப் பார்த்ததும் தொடங்கவே மறுக்கும். ஈடிசி ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் ஃபைலில் 'இன்டராப்' பகுதியின் கீழ் 'அப்பெண்ட் விண்டோஸ் பாத்' என்பதை ஃபால்ஸ் ஆக்கி, டபிள்யூஎஸ்எல்லை ஷட்டவுன் செய்து மறுபடி திறங்கள்.

இரண்டாவது, சி டிரைவில் வைத்துக் கட்டுவது. வேகம் படுத்துவிடும், பெரிய எழுத்து சின்ன எழுத்து வேறுபாடு அங்கே தெரியாது என்பதால் பில்டும் உடையும். லினக்ஸின் ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே வையுங்கள்.

மூன்றாவது, நினைவகம். டபிள்யூஎஸ்எல் 2 இயல்பாகக் கணினியின் பாதி ரேமைத்தான் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபியில் 4 ஜிபி. பெரிய நிரல்களைக் கம்பைல் செய்யும்போது 'கில்டு' என்ற ஒரே சொல்லோடு நிற்கும். அது நிரலில் உள்ள பிழையல்ல, ரேம் தீர்ந்த கதை. 'பில்ட் ஆப்ஷன்ஸ்' மெனுவில் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளின் எண்ணிக்கையை 2 ஆகக் குறையுங்கள்.

4. பில்ட்ரூட்டும் உங்கள் ஃபோல்டரும் தனித்தனியாக

ஆண்டுக்கு நான்கு வெளியீடு: பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர். பிப்ரவரி வெளியீடுதான் நீண்டகால ஆதரவு உள்ளது. 2025.02 வரிசையில் மூன்றாவது எண்ணும் சேர்ந்த பதிப்புகள் பாதுகாப்புத் திருத்தங்களோடு வருபவை. அதில் கடைசியாக வந்ததை எடுங்கள். ஐந்து வருடம் பழைய பில்ட்ரூட்டைப் புத்தம்புது உபுண்டுவில் ஓட்டினால், உபுண்டுவின் புதிய ஜிசிசிக்குப் பழைய மூலநிரல் பிடிக்காமல் பாதியில் நிற்கும்.

புதியவர்கள் எல்லோரும் தவறுகிற இடம் இனிமேல்தான். பில்ட்ரூட் ஃபோல்டருக்குள்ளேயே தங்கள் ஃபைல்களைப் போட்டுவிடுகிறார்கள். அடுத்த பதிப்புக்கு மாறும்போது எது தம்முடையது எது அவர்களுடையது என்று பிரிக்க முடியாது. ஆகவே மூன்று ஃபோல்டர் வையுங்கள்: பில்ட்ரூட், 'குடோன்' என்ற உங்கள் ஃபோல்டர், கட்டியது விழுவதற்கு 'அவுட்'.

குடோன் ஃபோல்டரில் மூன்று ஃபைல் கட்டாயம்: எக்ஸ்டர்னல்.டெஸ்க், எக்ஸ்டர்னல்.எம்கே, கான்ஃபிக்.இன். பின் இரண்டும் காலியாக இருக்கலாம். முதலாவதில் 'நேம்' என்று போட்டு ஒரு பெயர். பெயரில் எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்; நடுக்கோடு போட்டால் ஏற்காது. இந்த ஃபோல்டரை முதல் நாளே கிட்டில் (மாற்றங்களைப் பதிவு வைக்கும் கருவி) சேருங்கள்.

இனி பில்ட்ரூட் ஃபோல்டரில் நின்று, பிஆர்2_எக்ஸ்டர்னல் மாறியில் குடோன் ஃபோல்டரின் முழுப்பாதை, ஓ மாறியில் அவுட்டின் முழுப்பாதை கொடுத்து, ராஸ்பெர்ரி பை 4 இன் 64 பிட் டெஃப்கான்ஃபிக்கை (போர்டுக்கான ஆயத்தத் தேர்வுப் பட்டியல்) மேக் செய்யுங்கள். சரியான பெயர் "மேக் லிஸ்ட்-டெஃப்கான்ஃபிக்ஸ்" காட்டும் பட்டியலில் இருக்கும், அங்கிருந்து நகலெடுங்கள். இதற்கப்புறம் எல்லாக் கட்டளையும் அவுட் ஃபோல்டரில் நின்றே. மாறிகளை மறுபடி கொடுக்க வேண்டியதில்லை.

5. மெனுவில் தொட வேண்டியவை

"மேக் மெனுகான்ஃபிக்". டார்கெட் ஆப்ஷன்ஸ் பக்கத்தைத் தொடாதீர்கள், டெஃப்கான்ஃபிக் சரியாக வைத்திருக்கிறது.

டூல்செயின்: பில்ட்ரூட்டே கம்பைலரைக் கட்டலாம், அல்லது ஆயத்தமாகக் கட்டி வைத்ததை இறக்கலாம். இரண்டாவதில் 'எக்ஸ்டர்னல் டூல்செயின்', அதில் பூட்லின், ஏஆர்ச்64, ஜிலிப்சி, ஸ்டேபிள் என்று தேர்ந்தெடுத்தால் முதல் பில்டில் ஒரு நல்ல பங்கு நேரம் மிஞ்சும். இந்த முடிவை முதல் "மேக்"குக்கு முன்பே எடுங்கள். பிறகு மாற்றினால் எல்லாவற்றையும் துடைத்து முதலிலிருந்து கட்ட வேண்டும்.

சிஸ்டம் கான்ஃபிகரேஷன்: பெட்டியின் பெயர், ரூட் கடவுச்சொல் இரண்டும் இங்கேதான். கடவுச்சொல்லைக் காலியாக விட்டால் ட்ராப்பேர் வழியாக ரூட்டாக உள்ளே போக முடியாது. எஸ்எஸ்எச் ஏன் மறுக்கிறது என்று அரைநாள் தேடுவீர்கள். இங்கே எழுதுகிற கடவுச்சொல் டெஃப்கான்ஃபிக்கில் அப்படியே வெளிப்படையாகப் பதியும் என்பதையும் மறக்காதீர்கள். கிட்டை வெளியாருக்குக் காட்டுவதாக இருந்தால் ஹாஷ் செய்ததை (திருப்பிப் படிக்க முடியாதபடி மாற்றியதை) கொடுங்கள். ஹாஷில் வரும் டாலர் குறி ஒவ்வொன்றையும் இரட்டையாக எழுத வேண்டும்.

அதே பக்கத்தில் '/டெவ் மேனேஜ்மென்ட்' என்று ஒன்று இருக்கும். 'டெவ்டிஎம்பிஎஃப்எஸ் ஒன்லி' என்று இருந்தால் 'டெவ்டிஎம்பிஎஃப்எஸ் பிளஸ் எம்டெவ்' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் கர்னல் மாட்யூல்கள் தானாக ஏறாது. ஆர்எஸ்485 மாற்றியைச் செருகுவீர்கள், டிடிஒய்யுஎஸ்பி0 வராது, மாற்றி கெட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். மாற்றியில் குறையே இருக்காது. வைஃபைக்கும் இதே கதை, கூடவே இரண்டு: ராஸ்பெர்ரி பைக்கான பிராட்காம் ஃபர்ம்வேர் பேக்கேஜும் டபிள்யூபிஏ சப்ளிகன்ட்டும். முதல் இமேஜில் கேபிளோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

டைம்சோன் தகவலை இன்ஸ்டால் செய்யச் சொல்லி, உள்ளூர் நேரமாக ஏசியா/கொல்கத்தா என்று கொடுங்கள். விட்டால் ஷிப்ட் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும்.

டார்கெட் பேக்கேஜஸ்: தாளில் எழுதினதை மட்டும்.

ஃபைல்சிஸ்டம் இமேஜஸ்: ரூட் பார்ட்டிஷன் அளவு பை டெஃப்கான்ஃபிக்கில் 120 எம்பிதான். பைத்தானும் நான்கு நூலகமும் சேர்ந்தால் நிரம்பிவிடும். எல்லாம் கட்டி முடித்துக் கடைசி நிமிடத்தில் எம்கேஎஃப்எஸ் 'பிளாக் ஒதுக்க முடியவில்லை' என்று கத்தும். அதற்குக் கீழேயே அளவைக் கூட்டச் சொல்லி பில்ட்ரூட் ஒரு வரி எழுதியிருக்கும், யாரும் படிப்பதில்லை. இப்போதே 512எம் என்று வைத்துவிடுங்கள்.

வெளியே வந்ததும் "மேக் சேவ்டெஃப்கான்ஃபிக்". இதற்கு பிஆர்2_டெஃப்கான்ஃபிக் மாறியில் குடோன்/கான்ஃபிக்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் ஃபைல் பெயரைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பில்ட்ரூட்டின் சொந்த டெஃப்கான்ஃபிக் மேலேயே எழுதிவிடும்.

6. கட்டுதல்

நெட் மெதுவாக இருந்தால் முதலில் "மேக் சோர்ஸ்". வேண்டிய மூலநிரல் எல்லாம் டிஎல் ஃபோல்டரில் வந்து விழும், கர்னல்தான் பெரியது. பிறகு நெட் இல்லாமலே கட்டலாம்.

அப்புறம் வெறும் "மேக்". பழக்கத்தில் மைனஸ் ஜே எட்டு என்று போடாதீர்கள், தேவையில்லை. ஒவ்வொரு பேக்கேஜுக்குள்ளும் எத்தனை வேலை ஒன்றாக ஓட வேண்டும் என்பதை பில்ட்ரூட்டே கோர் எண்ணிக்கையைப் பார்த்து வைத்துக்கொள்ளும்.

நடுவில் கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். முடிந்த பேக்கேஜ் ஒவ்வொன்றுக்கும் முத்திரை ஃபைல் இருக்கும். மறுபடி "மேக்" கொடுத்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். பாதியில் நின்ற அந்த ஒரு பேக்கேஜ் மட்டும் சில சமயம் குழம்பிக் கிடக்கும். அதன் பெயரோடு 'டர்கிளீன்' சேர்த்து மேக் செய்தால் அது மட்டும் துடைபடும். எல்லாவற்றுக்கும் "மேக் கிளீன்" போட்டு இரண்டு மணி நேரத்தைக் கொளுத்த வேண்டாம்.

பிழை வந்தால் கடைசி வரியைப் படிக்காதீர்கள். அது எப்போதும் 'பிழை 2' என்றுதான் சொல்லும். மேலே உருட்டி, முதன்முதலில் 'எர்ரர்' வந்த வரியைப் பிடியுங்கள்.

7. கார்டில் எழுதி எழுப்புதல்

அவுட்டுக்குள் இமேஜஸ் ஃபோல்டரில் எஸ்டிகார்டு.இம்ஜி இருக்கும். லினக்ஸில் டிடி கட்டளை. அதற்கு முன் "எல்எஸ்பிஎல்கே" போட்டு, கார்டைச் செருகுமுன் ஒரு தடவை, செருகினபின் ஒரு தடவை பாருங்கள். புதிதாக வந்த பெயர்தான் கார்டு. ஒரு எழுத்து மாறினால் உங்கள் ஹார்ட் டிஸ்க் போகும், கேள்வியே கேட்காது. விண்டோஸில் எட்சர் அல்லது ராஸ்பெர்ரி பை இமேஜர். எழுதி முடித்ததும் விண்டோஸ் 'டிஸ்கை ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். அதற்கு லினக்ஸின் இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தெரியாது, அதனால் கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்துங்கள்.

சீரியல் கேபிள்: தரைக்கம்பி பின் 6இல், கேபிளின் ஆர்எக்ஸ் பின் 8இல், டிஎக்ஸ் பின் 10இல். சிவப்புக் கம்பியைச் சும்மா விடுங்கள். வேகம் 115200. திரையில் குப்பை எழுத்து வந்தால் வேகம் தவறு. ஒன்றுமே வராவிட்டால் பெரும்பாலும் 8ம் 10ம் மாறியிருக்கும்.

8. உங்கள் நிரலை உள்ளே வைத்தல்

அவுட்டுக்குள் 'டார்கெட்' என்று ஒரு ஃபோல்டர், பார்க்க ரூட் ஃபைல் சிஸ்டம் மாதிரியே இருக்கும். அதில் கை வைக்காதீர்கள். 'இது உங்கள் ரூட் ஃபைல் சிஸ்டம் அல்ல' என்ற பொருளில் ஒரு ஃபைலே அதற்குள் வைத்திருக்கிறார்கள். அங்கே போடுவது அடுத்த சுத்தத்தில் காணாமல் போகும்.

சரியான வழி ஓவர்லே. குடோன் ஃபோல்டருக்குள் ஒரு ஓவர்லே ஃபோல்டர். அதற்குள் யுஎஸ்ஆர், ஈடிசி என்று பெட்டியில் இருக்க வேண்டிய அதே அமைப்பில் உங்கள் ஃபைல்கள். சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் அதன் பாதையைக் கொடுத்தால் ஒவ்வொரு பில்டிலும் மேலே வந்து படியும். தானாகத் தொடங்க ஈடிசி/இனிட்.டி ஃபோல்டரில் எஸ்99 என்று தொடங்கும் பெயரில் ஒரு ஸ்கிரிப்ட்.

இந்த ஸ்கிரிப்ட் ஓடாததற்கு இரண்டே காரணம். ஒன்று, இயக்க அனுமதி இல்லை; விண்டோஸ் வழியாக கிட்டில் ஏறின ஃபைலில் அது போய்விடும். மற்றொன்று வரி முடிவு. நோட்பேடில் எழுதினால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு எழுத்து ஒட்டிக்கொள்ளும். அப்போது ஃபைல் கண்முன்னே இருக்கும், 'நாட் ஃபவுண்ட்' என்று பெட்டி சொல்லும். "கேட் மைனஸ் ஏ" போட்டுப் பார்த்தால் வரி முடிவில் தொப்பிக் குறியும் எம்மும் தெரியும். டாஸ்2யுனிக்ஸ் ஓட்டுங்கள்.

திரையில் தமிழ் காட்டுகிறவர்களுக்கு: டெஜாவூ எழுத்துருவில் தமிழ் இல்லை, பெட்டி பெட்டியாக வரும். நோட்டோ சான்ஸ் தமிழை ஓவர்லேயில் யுஎஸ்ஆர்/ஷேர்/ஃபான்ட்ஸ் கீழ் வையுங்கள். அதோடு முடியவில்லை. எழுத்தை வந்த வரிசையில் அடுக்குகிற எளிய கிராஃபிக்ஸ் நூலகங்களில் 'கொ' உடையும்: ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் ஒட்டும். 'கொங்கு', 'தொகை' என்று இரண்டு சொல்லைத் திரையில் போட்டுப் பாருங்கள், உடனே தெரியும். ஹார்ஃப்பஸ் மூலம் எழுத்தைக் கோக்கிற நூலகம் வேண்டும். க்யூடி அதைச் செய்யும்.

9. கரண்ட் போய் வரும் இடத்தில் நிற்க வைத்தல்

தறிக்குடோனில் யாரும் பெட்டியை ஷட்டவுன் செய்ய மாட்டார்கள். மெயினை இறக்குவார்கள், போய்விடுவார்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் ஃபைல் சிஸ்டம் கெடும். ஆகவே ரூட் ஃபைல் சிஸ்டத்தைப் படிக்க மட்டுமாக வையுங்கள்: சிஸ்டம் கான்ஃபிகரேஷனில் 'பூட்டின்போது ரூட்டை ரீட்-ரைட்டாக மாற்று' என்ற தேர்வை எடுத்துவிடுங்கள்.

எடுத்தபின் சில விஷயங்களைக் கவனியுங்கள். வார்/லாக் எல்லாம் பில்ட்ரூட்டில் எப்படியும் டிஎம்பி ஃபோல்டரில்தான், அதாவது ரேமில். மறு பூட்டில் லாக் இருக்காது. ட்ராப்பேரின் சாவியும் ரேமில் உருவாவதால், ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னும் உங்கள் மடிக்கணினி 'சாவி மாறிவிட்டது, யாரோ ஏமாற்றுகிறார்கள்' என்று அலறும். யாரும் ஏமாற்றவில்லை.

இரண்டுக்கும் மருந்து தனியான டேட்டா பார்ட்டிஷன். பில்ட்ரூட்டின் போர்டு/ராஸ்பெர்ரிபை ஃபோல்டரை உங்கள் குடோனுக்குள் நகலெடுத்து, ஜென்இமேஜ் (கார்டு இமேஜை அடுக்கும் கருவி) வார்ப்பு ஃபைலில் மூன்றாவதாக 256 எம்பியில் இஎக்ஸ்டி4 ஒன்றைச் சேருங்கள். போஸ்ட்-பில்ட், போஸ்ட்-இமேஜ் ஸ்கிரிப்ட்களின் பாதையை மெனுவில் புதிய இடத்துக்கு மாற்ற மறக்காதீர்கள்; மறந்தால் பழையதுதான் ஓடும், பார்ட்டிஷன் வராது. ஓவர்லேயில் எஃப்எஸ்டேப் ஃபைலில் அதை /டேட்டா என்று ஏற்றுங்கள். ஏற்றும் இடமான காலி ஃபோல்டரை கிட் வைத்துக்கொள்ளாது என்பதால் அதற்குள் '.எம்ப்டி' என்ற பெயரில் ஒரு வெற்று ஃபைல் போடுங்கள். அந்தப் பெயருள்ள ஃபைலை பில்ட்ரூட் இமேஜில் சேர்க்காமல் விட்டுவிடும். பிறகு ஈடிசி/ட்ராப்பேரை /டேட்டா/ட்ராப்பேருக்கு சிம்லிங்க் செய்து (சுட்டிக்காட்டும்படி வைத்து), அந்த ஃபோல்டரை உருவாக்கும் சின்ன ஸ்கிரிப்டை ட்ராப்பேருக்கு முன்னால், எஸ்40 எண்ணில் வையுங்கள்.

எண்ணிக்கையை ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கார்டில் எழுதாதீர்கள், கார்டு தேயும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை, தற்காலிக ஃபைலில் எழுதி, எஃப்சிங்க் செய்து (கார்டில் உண்மையிலேயே பதியவைத்து), பிறகு பெயரை மாற்றுங்கள். நடுவில் கரண்ட் போனாலும் பழைய ஃபைலாவது முழுசாக இருக்கும். ஐந்து நிமிட எண்ணிக்கை போனால் கூலிக் கணக்கில் சண்டை வரும் என்றால் பெட்டிக்குள் சின்ன பேட்டரி வையுங்கள். மென்பொருளால் அதைச் சரிக்கட்ட முடியாது.

ராஸ்பெர்ரி பை 4இல் கடிகார பேட்டரி கிடையாது. நெட் இல்லாமல் எழுந்தால் 1970இல் இருக்கும். டிஎல்எஸ் சான்றிதழ் எல்லாம் தவறு என்று சொல்லி ஆபீஸோடு பேசவும் மறுக்கும். டிஎஸ்3231ஐ பின் 1, 3, 5, 9இல் இணையுங்கள்: 3.3 வோல்ட், எஸ்டிஏ, எஸ்சிஎல், தரை. கடையில் கிடைக்கும் நீல மாட்யூலுக்கு 5 வோல்ட் கொடுக்காதீர்கள். அதில் சார்ஜ் செய்யும் சர்க்யூட் இருக்கிறது; சார்ஜ் ஆகக் கூடாத சிஆர்2032 பேட்டரியை அது சார்ஜ் செய்யப் பார்க்கும், பேட்டரி உப்பும். கான்ஃபிக்.டெக்ஸ்ட்டில் ஐ2சி-ஆர்டிசி, டிஎஸ்3231 என்ற டிடிஓவர்லே வரி வேண்டும் (இது மேலே சொன்ன ஓவர்லே அல்ல; இணைத்த சாதனத்தைக் கர்னலுக்குச் சொல்வது). கார்டின் பூட் பார்ட்டிஷனில் ஓவர்லேஸ் ஃபோல்டருக்குள் அந்த டிடிஓவர்லேயின் ஃபைல் இருக்கிறதா என்று ஒரு தடவை திறந்து பாருங்கள். இல்லையென்றால் வரி இருந்தும் பயனில்லை. தொடக்க ஸ்கிரிப்டில் "எச்டபிள்யூகிளாக் மைனஸ் எஸ்".

10. மாற்றினால் எதை மறுபடி கட்டுவது

ஓவர்லே மட்டும் மாறினால் வெறும் "மேக்". புதுப் பேக்கேஜ் சேர்த்தாலும் அதுவே. உங்கள் பேக்கேஜின் நிரல் மாறினால் அதன் பெயரோடு 'ரீபில்ட்'. டூல்செயினோ போர்டோ மாறினால் "மேக் கிளீன்", முழு நேரம்.

பொறி இதுதான்: பேக்கேஜை மெனுவில் நீக்கினால் இமேஜிலிருந்து நீங்காது. ஏற்கெனவே உள்ளே விழுந்த ஃபைல்கள் அங்கேயே கிடக்கும். ஓவர்லேயில் அழித்த ஃபைலும் அப்படியே. உங்கள் மேசையில் ஓடும், இன்னொருவர் சுத்தமாகக் கட்டினால் ஓடாது. ஆகவே வாடிக்கையாளருக்குப் போகும் இமேஜ் எப்போதும் "மேக் கிளீன்" செய்து இரவோடு இரவாகக் கட்டியதாக இருக்கட்டும்.

11. கையில் இருக்க வேண்டிய ஆவணங்கள்

பெட்டியை விற்கிறீர்கள் என்றால் உள்ளே இருக்கும் கர்னல், பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) எல்லாம் ஜிபிஎல் உரிமத்தில் இருப்பவை. கேட்டால் மூலநிரலைத் தர வேண்டும். "மேக் லீகல்-இன்ஃபோ" ஒரு கட்டளையில் உரிம நகல்கள், மூலநிரல், எந்தப் பேக்கேஜ் எந்தப் பதிப்பு என்ற அட்டவணை எல்லாம் ஒரே ஃபோல்டரில் விழும். பில்ட்ரூட்டின் சொந்த நிரல் மட்டும் அதில் சேராது, நீங்களே சேர்க்க வேண்டும். ஏற்றுமதி வாடிக்கையாளர் ஆடிட்டில் உரிமப் பட்டியல் கேட்டால் அந்த அட்டவணையை அப்படியே கொடுக்கலாம்.

ஒவ்வொரு வெளியீட்டுக்கும் இந்த ஐந்தையும் ஒரே இடத்தில் பூட்டி வையுங்கள்: இமேஜும் அதன் எஸ்எச்ஏ256 எண்ணும், குடோன் ஃபோல்டரின் கிட் குறியீடு, பயன்படுத்திய பில்ட்ரூட் டார் ஃபைல், டிஎல் ஃபோல்டர், லீகல்-இன்ஃபோ. டிஎல்லை விட்டுவிடாதீர்கள், மூன்று வருடம் கழித்து ஏதோ ஒரு நூலகத்தின் தளம் இருக்காது. போஸ்ட்-பில்ட் ஸ்கிரிப்டில் ஒரு வரி சேர்த்து, கிட் குறியீட்டை ஈடிசி ஃபோல்டரில் ஒரு ஃபைலாக எழுதிவிடுங்கள். குடோனிலிருந்து போன் வரும்போது 'அந்த ஃபைல்ல என்ன இருக்குதுங்க' என்று கேட்டால் போதும், எந்த இமேஜ் என்று தெரிந்துவிடும்.

அனுப்புகிற ஒவ்வொரு பெட்டியோடும் எழுதிச் சோதித்த இன்னொரு கார்டையும் உறையில் போட்டு, மேலே பதிப்பு எண்ணை மார்க்கரில் எழுதிக் கொடுங்கள். போர்டின் கார்டு ஸ்லாட்டின் மேல் ஒரு துண்டு டேப். தறிக்குடோனில் பஞ்சு எல்லா இடுக்கிலும் போய் உட்காரும். பூட் ஆகாத பெட்டியில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஸ்லாட்டைத்தான்.